சும்மா இருந்தவர் எந்த நாட்டவர்?

(ஆட்சி மாற்றமும் குடியுரிமையும் பற்றிப் புதுச்சேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் விடுதலையைக் கொண்டாட மூன்று நாள் இருக்கிறது. ஆகஸ்ட் 15 நாட்டுக்கே பொது. நவம்பர் 1 நம்முடையது. 1954-ல் அன்றுதான் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆகஸ்ட் 16-ம் நம்முடையதுதான். ஆனால் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி மாலை போடுவதோடு அந்த நாள் முடிந்துவிடும், மறுநாள் செய்தித்தாளில் ஒரு பத்தி வரும். நான் பேச வந்தது அந்த மூன்றாவது நாளைப் பற்றி. 1954-ல் கைமாறியது நிர்வாகம். மனிதர்கள் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான்.

நடுவில் எட்டு ஆண்டு ஏன் ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று நாள் கழித்து இரு அரசுகளும் கையெழுத்திட்டன. ஆனால் அந்தக் கையெழுத்து நிர்வாகத்தை மட்டுமே மாற்றியது. ஒரு நிலப்பகுதியை வேறு நாட்டுக்குத் தருவதென்றால், அங்குள்ள மக்களின் ஒப்புதலும் நாடாளுமன்றத்தின் சட்டமும் வேண்டும் என்பது பிரான்ஸின் அரசியல் சட்டம். இறையாண்மையையே ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று டெல்லியில் கையெழுத்தானது. அதற்குப் பிறகு பாரிஸ் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலனியைக் கொடுப்பதற்கு நாடாளுமன்றத்தில் கை தூக்கினால் அடுத்த கேள்வி அல்ஜீரியா பற்றியதாக இருக்கும். 1962 கோடையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதன் பிறகுதான் நம் பெட்டி திறந்தது.

அந்த எட்டு ஆண்டுகளில் நாம் யார்? தபால் தலை இந்தியாவினுடையது, தலைமை ஆணையர் டெல்லியிலிருந்து வந்தவர். சட்டப்படியோ பிரெஞ்சு நாட்டவர். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை, நம் ஊர் இந்தியாவில் சேராது என்று உச்ச நீதிமன்றமே ஏற்றது. பேருந்து பெர்மிட் தகராறு ஒன்று மஸ்தான் சாகிப் வழக்கு என்ற பெயரில் டெல்லி வரை போனது. புதுச்சேரி இந்தியாவின் நிலப்பரப்பில் சேருமா என்று நீதிமன்றம் மத்திய அரசிடமே கேட்டது. சேராது என்று அரசு பதில் தந்தது. அப்படியென்றால் எங்களுக்கு இங்கே வேலையில்லை என்று 1961-ல் நீதிபதிகள் மனுவைத் திருப்பிவிட்டார்கள். இந்திய அதிகாரி கொடுத்த பெர்மிட்டை எதிர்த்து இந்திய உச்ச நீதிமன்றத்தில் நிற்க முடியாத ஊராக அப்போது நாம் இருந்தோம்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். குடியுரிமையைப் பற்றிய விதிகள் நான்கிலிருந்து எட்டு வரை, ஐந்தே ஐந்து. படிக்கப் பத்து நிமிடம் போதும். இம்மாதிரி ஆவணங்களைப் படிக்கும்போது எல்லோரும் முதலில் தேடுவது, 'யாருக்கு என்ன உரிமை கிடைத்தது' என்பதை. நான் வேறொன்றைத் தேடச் சொல்வேன்: எதுவுமே செய்யாமல் வீட்டில் சும்மா இருந்தவருக்கு என்ன ஆனது? மனு எழுதுகிறவர்கள் எப்போதும் சிலர். படிப்பு, பணம், வக்கீல், பாஸ்போர்ட் ஆபீசில் தெரிந்த ஆள் என்று ஏதாவது ஒன்று அவர்களுக்கு இருக்கும். மற்ற எல்லோரும் சும்மா இருப்பவர்கள்தான். ஆட்சி மாறும்போது ஒரு அரசு தன் மக்களை எப்படி நடத்தியது என்பது இவர்களுக்காக எழுதிய வரியில்தான் தெரியும்.

நம் ஒப்பந்தத்தை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். பாகூரில் ஒரு தாய், நான்கு பிள்ளைகள். இது நான் கட்டிய குடும்பம். ஆனால் இதைப் போன்ற குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள்.

கடைசிப் பிள்ளை பாகூரில் பிறந்து, பாகூரிலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான்காவது விதி அவருக்கு. 1962 ஆகஸ்ட் 16 அன்று சும்மா இருந்தால் அவர் இந்தியர். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால், ஐந்தாவது விதிப்படி ஆறு மாதத்துக்குள், அதாவது 1963 பிப்ரவரி நடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அவர் ஒருநாளும் இந்தியராக இருந்ததில்லை என்றே கொள்ளப்படும்.

மூன்றாவது பிள்ளையும் பாகூரில் பிறந்தவர்தான், ஆனால் சென்னையில் வேலை. அவருக்கு ஆறாவது விதி. அவரும் சும்மா இருந்தால் இந்தியர், எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர்.

இரண்டாவது பிள்ளை சைகோனில் இருக்கிறார். ஏழாவது விதி இங்கே தலைகீழாகத் திரும்புகிறது. இந்தியாவுக்கும் பிரான்ஸ் ஒப்படைத்த இந்தப் பகுதிகளுக்கும் வெளியே குடியிருப்பவர் சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர். இந்தியராக வேண்டும் என்றால்தான் அவர் ஆறு மாதத்துக்குள் இந்திய அதிகாரிகள் முன் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூத்தவர்தான் வினோதமானவர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். இந்தத் தாய்க்குத் தாய்வீடு திண்டிவனம். அன்றைய பிரிட்டிஷ் இந்தியா. பிள்ளை அங்கே பிறந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பாகூருக்கு வந்து, வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தவர். நான்காவது விதியையும் ஆறாவது விதியையும் ஏழாவதையும் திரும்பப் படித்துப் பாருங்கள். மூன்றுமே 'இந்தப் பகுதிகளில் பிறந்த பிரெஞ்சு நாட்டவர்' என்று தொடங்குகின்றன. மூத்தவர் இந்தப் பகுதியில் பிறக்கவில்லை. ஆகவே ஒப்பந்தம் அவரைத் தொடவே இல்லை. தகப்பன் வழியில் பிரெஞ்சுக்காரர் என்றால், அவர் எதையும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். பிற்காலத்தில் பிரெஞ்சு நீதிமன்றங்களும் இப்படித்தான் பொருள் கொண்டன.

ஒரே கூரைக்குக் கீழே ஒரே பானைச் சோறு சாப்பிட்ட மூத்தவரும் கடைசிப் பிள்ளையும் வெவ்வேறு நாட்டவர். மூத்தவருக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம், பெரும்பாலும் தெரியாது.

இதை விதிவிலக்கான கதை என்று தள்ள முடியாது. நம் வரைபடத்தைப் பாருங்கள். புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலமல்ல. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று தென்னார்க்காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் துண்டுகள். ஒரு வரப்பில் நின்று எட்டிப் பார்த்தால் வேறு நாடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கம்தான். எல்லைக்கு அந்தப்பக்கம் தாய்வீடு இருந்த ஒவ்வொரு வீட்டிலும் தலைப்பிள்ளையின் பிறந்த இடம் வேறு நாட்டில் விழ வாய்ப்பிருந்தது. ஒப்பந்தம் எழுதிய இரு தரப்பு அதிகாரிகளுக்கும் இந்தத் தாய்வீட்டு வழக்கம் நினைவில் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. டெல்லியில் உட்கார்ந்து எழுதினார்கள். அங்கே தமிழ்நாட்டுப் பாட்டி யாரும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் கையெழுத்தே போதும். தகப்பன் இல்லையென்றால் தாய், இருவரும் இல்லையென்றால் காப்பாளர். பதினாறு தாண்டிய, கல்யாணமான ஆண்பிள்ளை மட்டும் தனக்குத் தானே எழுதிக் கொடுக்கலாம். கல்யாணம் ஆகிவிட்டால் பதினாறு வயதுப் பையனுக்கு நாட்டைத் தேர்ந்தெடுக்கும் அறிவு வந்துவிடுகிறது. ஆகாத பதினேழு வயதுப் பையனுக்கு வருவதில்லை. கல்யாணமான பெண்பிள்ளையைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை.

யார் எழுதிக் கொடுத்தார்கள்? பலர் நினைப்பது, 1881-ன் 'ரெனோன்சான்' குடும்பங்கள்தான் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் என்று. இரண்டும் வேறு வேறு. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தங்கள் சாதி, சமயச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொண்டார்கள். இதற்காக முதலில் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்கை எடுத்துப் போய் வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லாப்போர்த். கதவு என்று பொருள். இவர்களில் பலர் இந்தோசீனாவில் சுங்கம், காவல், கணக்கு என்று வேலைக்குப் போனார்கள். அங்கே ஐரோப்பியருக்குச் சமமான அந்தஸ்தைக் கேட்டுப் போராடினார்கள். 1962-ல் ஊரிலிருந்த ரெனோன்சானும் சும்மா இருந்திருந்தால் மற்றவர்களைப் போலவே இந்தியர் ஆனார். அவர் கையில் மிஞ்சியது சிவில் சட்டம் மட்டும். வாரிசு, கல்யாண விஷயங்களில் பழைய பிரெஞ்சு சட்டத்துக்கு உட்பட்ட இந்தியக் குடிமக்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல தலைவலி.

எழுதிக் கொடுத்தவர்களில் நிறையப் பேர் சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களும், அவர்கள் குடும்பமும். அவர்களுக்குக் கணக்கு எளிது. மாதாமாதம் பிராங்கில் பணம் வருகிறது. பிள்ளையும் அதே பட்டாளத்தில் சேரலாம். எழுதிக் கொடுத்தவர்கள் மொத்தம் சில ஆயிரம் பேர். லட்சக்கணக்கானோர் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? நாட்டுப்பற்று ஒரு காரணம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விடுதலைக்காக அடிபட்ட ஊர் இது. அடிபட்டவன் போய்ப் பழைய எஜமானின் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து போடுவானா? ஆனால் எல்லோரும் தியாகிகள் அல்ல. சொந்த ஊரிலேயே அந்நியனாகப் பதிவு செய்துகொண்டு, ஓட்டு இல்லாமல், அரசு வேலை இல்லாமல் இருப்பது ஒரு பயம். கையெழுத்துப் போட்டவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், கிராமத்தில் விவசாயக் கூலிக்கு இப்படி ஒரு தேர்வு தனக்கு இருக்கிறது என்பதே எட்டவில்லை. 1956-லேயே வாசகம் தயார். விளக்கிச் சொல்ல ஆறு ஆண்டு இருந்தது. பெட்டி மூடியிருந்த காலத்தில் யாரும் விளக்கவில்லை. திறந்த பிறகு ஆறே மாதம்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் சும்மா இருந்தவர் யாரும் நாடற்றவர் ஆகவில்லை. ஊரிலிருந்தவர் இந்தியர், வெளிநாட்டிலிருந்தவர் பிரெஞ்சுக்காரர், நடுவில் தவறி விழுந்த மூத்தவர்கூட ஏதோ ஒரு பக்கம் இருந்தார். இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு மற்ற இடங்களைக் காட்டுகிறேன்.

கோவாவில் 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தது, ஒப்பந்தம் எதுவும் இல்லை. 1962 மார்ச்சில் வந்த ஆணை, தான் அல்லது தாய் தகப்பன், பாட்டன் பாட்டி யாராவது அங்கே பிறந்திருந்தால் இந்தியர் என்றது. வேண்டாம் என்பவர் சொல்ல ஒரு மாதம்தான் தந்தார்கள். ஆனால் போர்ச்சுகல் இந்த இணைப்பை 1974 கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. லிஸ்பனின் கணக்கில் அவர்கள் எல்லாம் போர்ச்சுகீசியர்களாகவே தொடர்ந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் பேரன்கள் பாட்டனின் பிறப்பை லிஸ்பனில் பதிவு செய்து பாஸ்போர்ட் வாங்குகிறார்கள். வாங்கியதும் இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. இரண்டு அரசுகளும் ஒரே ஆளைத் தம்முடையவர் என்றன. அதிகப்படியான சொந்தம், அதிலும் வழக்கு உண்டு, ஆனால் பட்டினி இல்லை.

இலங்கையில் நேர்மாறு. 1948-ல் பிரிட்டிஷ் ஆட்சி போன அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் அல்லது பாட்டன் தலைமுறை இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. இந்தியாவிலிருந்து போனவர்களின் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரிடம் பிறப்புச் சான்று இருக்கும்? அங்கே சும்மா இருந்தவர் எந்த நாட்டவரும் இல்லை. 1949 சட்டத்தின்படி மனுப்போடலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக மனுக்கள் போயின; கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. மனிதர்களை முழு எண்ணில் பிரித்த அந்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போது நம் ஐந்து விதிகள் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

ஹாங்காங் கதையை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அங்கே நேரம் நிறைய இருந்தது. 1984 டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கைமாற்றம் 1997 ஜூலை 1. பன்னிரண்டரை ஆண்டு. குடியுரிமையைப் பற்றி இரு நாடுகளும் உடன்படவில்லை. ஆளுக்கொரு குறிப்பு எழுதி மாற்றிக்கொண்டன. ஹாங்காங் சீனர்கள் எல்லோரும் சீனக் குடிமக்களே, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வெறும் பயணச் சீட்டு என்றது சீனா. அந்தச் சீட்டைப் பயன்படுத்தலாம், ஆனால் ஹாங்காங்கிலோ சீனாவிலோ பிரிட்டிஷ் தூதரகம் உங்களுக்காகப் பேச முடியாது. பிரிட்டன் தன் பங்குக்கு 'பிரிட்டிஷ் நேஷனல் ஓவர்சீஸ்' என்ற புது வகையை உண்டாக்கி, 1987 முதல் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. பெயரில் பிரிட்டிஷ் இருக்கும், பிரிட்டனில் போய்க் குடியிருக்கும் உரிமை இருக்காது, பிள்ளைக்கும் போகாது. அவரவர் பிறந்த ஆண்டைப் பொறுத்துக் கடைசித் தேதி வைத்தார்கள். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்தார்கள். சும்மா இருந்த சீனரின் பிரிட்டிஷ் உறவு 1997 ஜூலை 1 அன்று தானாக அறுந்தது.

சீனரல்லாதவர் நிலைதான் சிக்கல். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி, பார்சிக் குடும்பங்களில் பலர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்காக இந்தியக் குடியுரிமையைக் கைவிட்டவர்கள். சீனா அவர்களைச் சீனர் என்று சொல்லாது. பிரிட்டன் உள்ளே விடாது. வேறு நாடு இல்லாதவர் சும்மா இருந்தாலும் பிரிட்டிஷ் வகைகளில் ஒன்றில் தானாக விழும்படி சட்டத்தில் ஒரு வலை மட்டும் கட்டியிருந்தார்கள். அதாவது பாஸ்போர்ட் உண்டு, நாடு இல்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, கைமாற்றத்துக்குச் சில மாதங்களுக்கு முன் பிரிட்டன் இறங்கி வந்து, வேறு குடியுரிமை இல்லாத இந்தச் சிறுபான்மையினர் முழுக் குடிமக்களாகப் பதிய 1997-ல் தனிச் சட்டம் போட்டது. சில ஆயிரம் பேருக்கு வேண்டிய ஒரு சட்டத்துக்குக் கடைசி வினாடி வரை காத்திருக்க வைத்ததை நான் கஞ்சத்தனம் என்றுதான் சொல்வேன். போர்ச்சுகல் பிரிட்டனைவிட ஏழை நாடு; தன் வசமிருந்த மக்காவின் சீனர்களில் கணிசமானவர்களுக்கு முழுக் குடியுரிமையே தந்தது.

எதற்கும் பயன்படாது என்று கேலி செய்யப்பட்ட அந்த 'ஓவர்சீஸ்' சீட்டு 2021 ஜனவரி 31 அன்று உயிர் பெற்றது. அதை வைத்திருப்பவரும் குடும்பமும் பிரிட்டனில் வந்து வாழ, பின்னர் குடிமக்களாக வழி திறந்தது. அதே நாளிலிருந்து சீனா அதைப் பயண ஆவணமாக ஏற்பதை நிறுத்தியது. 1997-க்கு முன் வரிசையில் நின்று பதிந்தவருக்கு இருபத்துநான்கு ஆண்டு கழித்துக் கதவு திறக்கிறது. வரிசை நீளம் என்று வீட்டுக்குத் திரும்பியவர் இப்போது பதிய முடியாது.

நம் ஊருக்கே திரும்புகிறேன். 1963-க்குப் பிறகு இங்கேயும் காற்று திசை மாறியது. பாரிஸ் புறநகரில் வேலை, பிள்ளைகளுக்குப் படிப்பு, ஓய்வூதியம். 'நேஷனாலிட்டி இருக்கிற' வரனுக்குக் கல்யாணச் சந்தையில் தனி விலை. எழுதாமல் விட்ட தாத்தாவைப் பேரன்கள் திட்டாத தெரு இல்லை. பிறகு எல்லோரும் 'எத்தா சிவில்' என்ற பிரெஞ்சுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார்கள். தாத்தா எங்கே பிறந்தார்? 1962 ஆகஸ்ட் 16 அன்று எங்கே குடியிருந்தார்? பிரெஞ்சுப் பதிவேட்டில் பெயர் ஒரு மாதிரி, ஆங்கிலப் பள்ளிச் சான்றில் வேறு மாதிரி, வீட்டில் கூப்பிட்டது மூன்றாவது. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வக்கீல். கள்ளச் சான்றுகளும் வராமல் இல்லை. அதனால் உண்மையான சான்றையும் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் வந்தது.

இந்தத் தேடலில்தான் திண்டிவனத்துத் தலைப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். பாட்டன் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தது குடும்பத்துக்கு லாட்டரிச் சீட்டு போல ஆனது.

ஆனால் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. முன்னோர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டு, கேட்பவரும் அவருடைய தகப்பன் அல்லது தாயும் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கு எந்தத் தடயமும் இல்லையென்றால், வம்சாவளியை வைத்துக் குடியுரிமை நிரூபிக்க அனுமதி கிடையாது. தடயம் என்றால் பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, வாக்காளர் அட்டை, பட்டாளத்து ஆவணம் போன்றவை. 1962 ஆகஸ்ட் 16-லிருந்து எண்ணினால் ஐம்பது ஆண்டு 2012-ல் முடிந்துவிட்டது. பாகூரின் மூத்தவர் சும்மா இருந்ததால் 1962-ல் எதையும் இழக்கவில்லை. அவரும் அவர் பிள்ளைகளும் தொடர்ந்து ஐம்பது ஆண்டு சும்மா இருந்ததால், இன்றைக்குத் தூதரக வரிசையில் நிற்கும் அவருடைய பேரனுக்கும் தம்பியின் பேரனுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது.